மீட்டர் போர்டில் எல்.இ.டி. போடலாம், ஆனால் சார்ஜிங் லைட்டில் கை வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் மீட்டர் போர்டில், அதாவது ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் இடத்தில், ஒரு விளக்கு எரியவில்லை என்று போனதற்கு முழு மீட்டர் செட்டையே மாற்றச் சொன்னார்கள் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பல ஆயிரம் ரூபாய் கேட்டார்களாம். அவர் மாற்றவில்லை. நண்பர் ஒருவர் ஒரே மாலையில் எல்லாப் பல்புகளையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. வைத்து ஈயத்தால் பற்றவைத்து (சால்டர் செய்து) கொடுத்தாராம். இப்போது எல்லாம் பளிச்சென்று எரிகிறது, மற்றவர்களும் இப்படிச் செய்துகொள்ளலாம் என்று முடித்திருந்தார்.

அவருடைய வருத்தம் நியாயமானது. முழு மீட்டரை மாற்றாமல் விட்டதும் நல்ல முடிவுதான். ஆனால் எல்லாப் பல்புகளையும் என்று எழுதியிருந்தாரே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அல்சூரில் என் தம்பியின் ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் மீட்டர் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் தூரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையில் சால்டரிங் செய்து ஓய்வு பெற்றவள். 1948-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் பெங்களூருக்கு வந்த குடும்பத்துப் பெண்கள் நிறையப் பேர் என்னோடு வேலை பார்த்தார்கள். ஒரு ஜாயிண்ட் சரியில்லை என்றால் எங்கோ ஒரு ஊரில் ஒருவருக்கு டெலிபோன் கிடைக்காது என்று சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காரில் அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எல்லாக் காரிலும் இருக்கும். கடையில் அதைச் சார்ஜிங் லைட் என்போம். மற்ற விளக்குகள் சேதி மட்டும் சொல்லும். பழைய வண்டிகள் பலவற்றில் இந்த ஒரு விளக்கு சேதியும் சொல்லும், வேலையும் செய்யும். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். அதற்குள் சுழலும் ரோட்டர் காந்தமானால்தான் மின்சாரம் பிறக்கும். அதைக் காந்தமாக்குவதற்கு முதல் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்றால், இந்தப் பல்பின் வழியாகத்தான். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் இக்னிஷன் சுவிட்சைத் தாண்டி, பல்பின் இழை வழியாகப் போய், ஒரே ஒரு மெல்லிய வயரில் ஆல்டர்னேட்டருக்கு வந்து, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக ரோட்டர் காயிலுக்குள் பாய்கிறது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் தானே கரண்ட் கொடுக்கத் தொடங்கும். அப்போது பல்பின் இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் வந்துவிடுவதால் பல்பு அணைகிறது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் அந்தச் சிவப்பு அணைவதன் காரணம் இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த இடத்தில் 2 வாட் பல்பு இருந்தால் 12 வோல்ட்டில் சுமார் 170 மில்லி ஆம்பியர் போகும். ரோட்டரை எழுப்ப அது போதும். அதே இடத்தில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யும் கரண்டைக் குறைக்கும் 1 கே (ஆயிரம் ஓம்) ரெசிஸ்டரும் வைத்தால் போவது 10 மில்லி ஆம்பியர். வெளிச்சத்துக்கு அது தாராளம். காந்தத்துக்குப் பத்தாது. சில வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால், ரோட்டர் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காந்தத்தால் ஆல்டர்னேட்டர் எழுந்துகொள்ளும். சிலவற்றில் எழவே எழாது. எல்.இ.டி.யைத் தலைகீழாக வைத்துவிட்டால் இன்னும் மோசம். பல்புக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்றாலும் கவலையில்லை, எல்.இ.டி. ஒரு பக்கம்தான் கரண்டை விடும். திருப்பி வைத்த எல்.இ.டி. எரியாது, கரண்டும் போகாது, சார்ஜும் ஏறாது. சார்ஜ் ஏறவில்லை என்று சொல்ல வேண்டிய விளக்கே வாயடைத்துப் போயிருக்கும்.

முருகேஷ்பாளையத்தில் இருக்கிற ஒரு டாக்சி டிரைவருக்கு இதுதான் நடந்தது. மீட்டர் அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு கடையில் எல்லா விளக்குகளையும் எல்.இ.டி.யாக்கிக் கொண்டார். பிறகு ஒரு வயதான தம்பதியை ஏற்றிக்கொண்டு ராத்திரி கிருஷ்ணகிரிக்குக் கிளம்பியிருக்கிறார். மழை. வைப்பர் ஓட, ஹெட்லைட் எரிய, பின்கண்ணாடி ஹீட்டர் வேறு. ஓசூர் தாண்டியதும் ஹெட்லைட் மஞ்சளாகி மங்க ஆரம்பித்தது, வைப்பர் பாதியில் நின்றது, அப்புறம் எஞ்சினும் நின்றுவிட்டது. லாரிகள் பறக்கும் தேசிய நெடுஞ்சாலையில் பின்விளக்குகூட இல்லாமல் ஓரத்தில் நின்றிருக்கிறார்கள். ஆட்டோவோ பஸ்ஸோ நிற்காத இடம். பெரியவரையும் அம்மாவையும் இறக்கி, வேலி ஓரமாக நிற்க வைத்துவிட்டு, இவர் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வெகுதூரம் நடந்துபோய் நின்று லாரிகளை விலக்கியிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் இன்னமும் நடுங்கியது.

அதோடு முடியவில்லை. புதுப் பேட்டரி வாங்கினார், அதுவும் இறங்கியது. ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று ஒருவர் சொல்லி, அதற்கு ஒரு செலவு. கடைசியில் தம்பியிடம் வந்தார். தம்பி மீட்டரைக் கழற்றி என் மேசையில் வைத்தான். சார்ஜிங் லைட் ஹோல்டரை உருவிப் பார்த்தேன். 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.யின் அடியில் விளிம்பு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கம்தான் மைனஸ். அது பிளஸ் தடத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் பழைய மாதிரி இழை பல்பு ஒன்றைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தோம். பேட்டரி முனையில் மல்டிமீட்டர் 14.2 காட்டியது. பேட்டரியிலும் குறையில்லை, கழற்றி வீசிய ஆல்டர்னேட்டரிலும் குறை இருந்திருக்காது.

எனவே என் கருத்தைக் கேட்டால், பழைய வண்டியில் சார்ஜிங் லைட்டுக்கு மட்டும் இழை பல்பையே போடுங்கள். மற்றவற்றோடு நிறம் ஒத்துப்போகவில்லை என்றால் போகட்டும். இல்லை, அங்கேயும் எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் அதற்குப் பக்கவாட்டில் 68 ஓம், 5 வாட் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றைப் பாரலலாகச் சேர்க்க வேண்டும். பல்பு விட்ட கரண்டை அது விடும். எஞ்சின் ஓடாமல் சாவி ஆனிலேயே இருந்தால் அது நன்றாகச் சுடும், அதனால் பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்கக் கூடாது. சில மீட்டர்களில் கம்பெனியே இப்படி ஒரு ரெசிஸ்டரை போர்டில் வைத்திருப்பார்கள், கழற்றிப் பார்த்தால் தெரியும். கம்ப்யூட்டர் சொல்லி எரிகிற புது வண்டிகளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அவற்றில் விளக்குகள் பொடி எல்.இ.டி.யாகப் போர்டிலேயே பதிந்து வருகின்றன, ஆல்டர்னேட்டரை எழுப்புவது வேறு வழி.

இவ்வளவு சொன்னதால் நான் எல்.இ.டி.க்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். மீட்டர் விளக்குகளுக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. நம் ஊர்ச் சாலைப் பள்ளங்களில் விழுந்து எழும் வண்டியில் பல்பின் இழை அறுந்துபோகிறது. எல்.இ.டி.யில் அறுவதற்கு இழையே கிடையாது. 1.2 வாட் பல்பு வருடக்கணக்கில் எரிந்து அதன் சூட்டில் ஹோல்டர் பொரிந்து, வண்ணத் தகடு பழுப்பேறிப் போன மீட்டர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். இங்கே சாமானுக்கும் பஞ்சமில்லை. எஸ்.பி. ரோட்டில் எல்.இ.டி. ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும், ரெசிஸ்டர் அதைவிடக் குறைவு. ஜே.சி. ரோட்டில் ஹோல்டர், பல்பு, வயர் எல்லாம் உண்டு. ஒரு பல்புக்காக முழு மீட்டரைத் தூக்கி எறிவது பாவம்.

ஆனால் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி என்று பேசுகிறோமே தவிர, ஓடுகிற வண்டியில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை இருக்கும். சிவப்பு எல்.இ.டி. தனக்கு 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், நீலமும் வெள்ளையும் 3-க்கு மேல். மிச்சத்தை ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். 1 கே போட்டால் சிவப்பில் 12 மில்லி ஆம்பியர் சொச்சம் போகும், மீட்டருக்கு அது போதுமானது, கால் வாட் ரெசிஸ்டரும் சூடில்லாமல் இருக்கும். 20 மில்லி ஆம்பியர் போகிற மாதிரி 620 ஓம் போடுகிறவர்கள் அரை வாட் ரெசிஸ்டர் போட வேண்டும், இல்லையென்றால் அது கறுத்துவிடும். இவற்றோடு கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றையும் வரிசையில் சேர்த்துவிடுவது என் வழக்கம். எல்.இ.டி. தலைகீழ் வோல்டேஜை 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, வண்டியிலோ ஹார்ன், ரிலே, மோட்டார் எல்லாம் ஆனாகி ஆஃபாகும்போது வோல்டேஜ் எகிறிக்கொண்டே இருக்கும். டையோடு அரை ரூபாய்ச் சமாசாரம்.

நிறத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். ஆயில் லைட் முன்னால் சிவப்புத் தகடு இருக்கிறதே என்று வெள்ளை எல்.இ.டி. வைத்துவிடுகிறார்கள். வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளே நீலம், அதன் மேல் மஞ்சள் பூச்சு. அதில் சிவப்பு குறைவு. சிவப்புத் தகட்டைத் தாண்டி வரும்போது வெளிறிப்போய், மத்தியான வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஆயில் பிரஷர் விழுந்தால் எஞ்சின் கெட சில நிமிடம் போதும், அந்த விளக்கு வெயிலிலும் கண்ணில் குத்த வேண்டும். சிவப்புத் தகட்டுக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி., பச்சைக்குப் பச்சை. அப்புறம், சாதா எல்.இ.டி.யின் தலை குவிந்திருப்பதால் வெளிச்சம் நடுவில் ஒரு புள்ளியாக அடிக்கும், படத்தின் ஓரம் இருட்டாக இருக்கும். உப்புத்தாளில் தலையைத் தேய்த்துத் தட்டையாக்கி மங்கலாக்கினால் பரவலாக விழும்.

நீலம் மட்டும் இதற்கு நேரெதிர். ஹை பீம் விளக்கு ராத்திரியில்தான் எரியும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நீலம் ரொம்ப உறுத்தும். அதற்கு நான் 4.7 கே போடுவேன், 2 மில்லி ஆம்பியர்தான் போகும், அதுவே நன்றாகத் தெரியும். நான் தொழிற்சாலையில் சேர்ந்தபோது சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றும்தான் எங்கள் தட்டில் இருந்தன. பளிச்சென்ற நீலம் 1990-களில்தான் கைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

இனி சால்டரிங். வாசகர்கள் வீட்டில் செய்துபார்க்க நினைத்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய மீட்டர்களின் முதுகில் கெட்டியான போர்டு இருக்காது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் செம்புத் தடங்கள் ஓடும். ஹோல்டரைக் கால் சுற்று திருகினால் கையோடு வந்துவிடும், அதன் அடியில் இருக்கும் பித்தளைத் தகடுகள்தான் தடத்தைத் தொடுகின்றன. இந்தப் படலத்தில் நேராகச் சால்டரிங் அயர்னை வைக்கவே கூடாது. வைத்த மாத்திரத்தில் படலம் சுருங்கும், செம்பு உரிந்து வரும். அதற்கப்புறம் முழு மீட்டரை மாற்றச் சொன்னவர் சொன்னதே சரியாகிவிடும்.

நான் செய்வது இது. இரண்டு பக்கமும் செம்பு உள்ள பழைய பி.சி.பி. (எலக்ட்ரானிக் சாமான்கள் பதிக்கும் போர்டு) துண்டு ஒன்றை எடுத்து, பல்பின் தட்டையான அடிப்பாகம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அறுத்து ராவிக்கொள்வேன். ஒரு பக்கச் செம்பில் எல்.இ.டி.யின் குட்டைக் காலை (மைனஸ்) வைத்து ஈயம் விடுவேன். நீளக் காலில் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, அதன் மறுமுனையில் டையோடின் கோடில்லாத முனை வெளியே வருகிற மாதிரி சேர்த்து, அந்த முனையை மறுபக்கச் செம்பில் கொண்டுவந்து விடுவேன். ஒன்றோடொன்று தொடாமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஸ்லீவ் (உறை). பல்பு உட்கார்ந்த இடத்தில் இந்தத் துண்டு கச்சிதமாக உட்காரும். கொஞ்சம் லூசாக இருந்தால் செம்பின் மேல் இன்னும் ஒரு பூச்சு ஈயம் ஏற்றினால் இறுகிவிடும். மீட்டரின் ஒரு தடத்தைக்கூடச் சூடாக்கவில்லை பாருங்கள். நாளைக்கே பழைய பல்பைத் திரும்பப் போட வேண்டுமென்றாலும் போடலாம்.

25 வாட் அயர்ன் போதும். என்னிடம் இருப்பது சோல்ட்ரான் கம்பெனி அயர்ன், முனையை ஈரப் பஞ்சில் துடைத்துத் துடைத்து வைத்தால் வெகுநாள் உழைக்கும். ஈயம் 60/40, அதாவது 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம், நடுவில் ரெசின் உள்ளது. குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட்டைத் தொடாதீர்கள், அது செம்பை மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்துவந்து தடவுகிறார்களே, அது சால்டரிங் இல்லை. முதலில் காலையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும், ஈயக் கம்பியை அவை சேருமிடத்தில் தொட வேண்டும், அது தானே உருகி ஓடிப் படிய வேண்டும். கம்பியை முதலில் எடுத்து, அயர்னைப் பிறகு எடுத்து, ஆறும்வரை அசைக்காமல், வாயால் ஊதாமல் விட வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று விநாடி. அதற்கு மேல் போனால் எல்.இ.டி.யின் உள்ளே சூடு ஏறிவிடும், காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டால் சூடு குறட்டில் இறங்கும். நல்ல ஜாயிண்ட் காலைச் சுற்றிச் சரிந்து இறங்கி மினுமினுக்கும். கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றால் அது ஒட்டவே இல்லை என்று அர்த்தம், இன்று எரியும், முதல் ஸ்பீடு பிரேக்கரில் அணைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். ஈயம் ஈயம்தான்.

இண்டிகேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே பச்சை விளக்கு உள்ள பழைய வண்டிகளில் அந்த விளக்கின் ஒரு கால் இடது வயரிலும் மறு கால் வலது வயரிலும் இருக்கும். இடது போட்டால் கரண்ட் ஒரு திசையில், வலது போட்டால் எதிர்த் திசையில். ஒற்றை எல்.இ.டி. போட்டால் ஒரு பக்கத்துக்குத்தான் மினுக்கும். இரண்டு எல்.இ.டி.யை எதிரும் புதிருமாகச் சேர்த்து வைத்தால் சரியாகிவிடும், அந்த இடத்தில் டையோடு மட்டும் போடக் கூடாது.

இதுவரை சொன்னது தெரியாமல் நடக்கிற தப்பு. தெரிந்தே செய்கிற ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

2019 ஜூலை 1 முதல் தயாராகும் புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். சீட் பெல்ட் எச்சரிக்கையும் வேக எச்சரிக்கையும் அதோடு வந்தன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் அதே வருடம் ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. அந்தக் கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் நிறைய விற்கின்றன. மோதி ஏர்பேக் வெடித்த வண்டியில் புது ஏர்பேக் வைப்பது பெரிய செலவு. வைக்காவிட்டால் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்து காட்டிக்கொடுக்கும். விளக்கையே பிடுங்கிவிட்டால், சாவி போட்டதும் அது எரியவில்லையே என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஏர்பேக் விளக்கின் தடத்தை வெட்டிவிட்டு, ஆயில் விளக்கிலிருந்து ஒரு மெல்லிய வயரை இழுத்து அதில் பற்றவைத்துவிடுகிறார்கள். சாவி போட்டால் எரிகிறது, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது. வாங்குகிறவர் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று நம்பி, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்.

வேறு வேலைக்காக வந்த மீட்டர்களில் இந்த வயரை நான் பார்த்திருக்கிறேன். முடி மாதிரி மெல்லிய எனாமல் வயர், வார்னிஷ் தடவி மறைத்திருப்பார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு புரோக்கர் என்னிடமே வந்து கேட்டார். "அக்கா, ஒரு சின்ன ஜம்பர்தானே, உங்க கைக்கு ரெண்டு நிமிஷ வேலை" என்றார். மீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். அந்த வண்டியை யார் வாங்கியிருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை. விளக்கை ஏமாற்றுவது கொலைக்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன், கடுமையாகப் பேசுகிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை வாங்குமுன் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சாவியை ஆன் வரை திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிய வேண்டும். ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் சில விநாடியில் தாமாக அணைந்துவிடும். ஆயில், சார்ஜிங், செக் எஞ்சின் விளக்குகள் அணையாமல் காத்திருக்கும், எஞ்சின் ஓடினால்தான் அணையும். ஏர்பேக் விளக்கும் ஆயில் விளக்கோடு சேர்ந்தே எரிந்து, அதோடு சேர்ந்தே அணைந்தால் அந்த வண்டியின் மீட்டரைக் கழற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெயிலில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் கையால் மறைத்துப் பாருங்கள். மீட்டர் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போதும் இதே மாதிரி பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும். எலக்ட்ரீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குப் போங்கள்.

ஏர்பேக் விளக்கைப் பொறுத்தவரை நல்ல எண்ணத்தோடு எல்.இ.டி. மாற்றுவதும் வேண்டாம். சில வண்டிகளில் ஏர்பேக் கம்ப்யூட்டர் அந்த பல்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும், கரண்ட் குறைந்தால் கோளாறு என்று குறித்துக்கொள்ளும். மீட்டரைக் கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். ஸ்டியரிங் பக்கம் போகும் மஞ்சள் உறை போட்ட வயர்களை டெஸ்ட் லேம்பால் தொடவே கூடாது.

போக்குவரத்துத் துறையிடம் ஒரு வேண்டுகோள். 15 வருடம் முடிந்த சொந்தக் கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டு போகிறோம். ஹெட்லைட், ஹார்ன், பிரேக் பார்க்கிறார்கள். அதோடு சாவியை ஒரு முறை திருப்பி, மீட்டர் விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்றும் பார்த்தால் நன்றாக இருக்கும். கருவி எதுவும் வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம். கைமாறும் வண்டிகளுக்கும் இதைக் கேட்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் படிக்கும் பிள்ளைகளுக்கு சார்ஜிங் லைட்டின் வயரிங்கை ஒரு நாள் முழுக்க உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தாலும் தப்பில்லை. கடைக்கு வேலை பழக வருகிற பையன்களில் பலருக்கு அந்த விளக்கு ஏன் அணைகிறது என்று தெரியவில்லை.

ஆசிரியர் அவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மீட்டர் விளக்குகளின் படங்கள் ஐ.எஸ்.ஓ. 2575 என்ற தரத்தின்படி உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சிவப்பு வந்தால் உடனே ஓரமாக நிறுத்து, மஞ்சள் வந்தால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் தகவலுக்கு. ஆனால் வண்டியோடு வரும் புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் இந்த ஊரில் டாக்சியும் டெம்போவும் ஓட்டும் நம் ஆட்கள் பலர் அதைப் பிரிப்பதே இல்லை. எண்ணெய்ச் சொட்டு படத்தைப் பார்த்துப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று பங்க்குக்கு ஓட்டிப்போய் எஞ்சினைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் படங்களையும், அவை எப்போது எரிய வேண்டும் எப்போது அணைய வேண்டும் என்பதையும் தமிழில் போட்டு உங்கள் பெங்களூரு பதிப்பில் கால் பக்கம் ஒதுக்கினால், வெட்டி வண்டியில் ஒட்டிக்கொள்வார்கள். படங்களை நானே வரைந்து, நிறம் குறித்து அனுப்பி வைக்கிறேன். எந்த அளவில் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மீட்டர் வேலை பார்க்கும் வாசகி,
அல்சூர், பெங்களூரு.